வேட்டைக் காவலனின் இராநாய்

1901ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தில் நடைபெற்ற நாய்க்காட்சி ஒன்றிற்குத் தோணிவுட் நாய்ப்பண்ணையின் உரிமையாளரான பேட்டன் என்பவர் தமது நாயொன்றைக் கொண்டுவந்திருந்தார். அது பரிசுப் போட்டிக்காக வந்த நாயன்று. அதன் வாயைச் சுற்றித் தோல்வார்க் கூடொன்று இறுகப் பூட்டப்பட்டிருந்தது. அவ்வாறு வாய் கட்டப்பட்ட நிலையில் அதனிடமிருந்து தப்பியோட வல்லார் எவராயினும் அவருக்கு ஒரு பவுண் தருவதாகப் பேட்டன் சபையறியக் கூறினார். அக்காலத்து ஆங்கிலப் பண்ணைக் கூலியாளின் ஒரு வாரச் சம்பளம் ஒரு பவுணுக்குக் குறைவு. நாய்களோடு பழகிய ஒருவர் துணிந்து முன்வந்தார். அவரை வெகுதூரம் ஓடவிட்டபின் நாயை அவிழ்த்துவிட்டனர். முதற் பாய்ச்சலிலேயே அவர் தரையிற் கிடந்தார். எழ முயன்ற போதெல்லாம் மீண்டும் வீழ்த்தப்பட்டார். மூன்று முறை முயன்றும் தப்ப முடியவில்லை. உரிமையாளர் வந்து விலக்கும் வரை நாய் அவரை நிலத்தோடு நிலமாக அழுத்தி வைத்திருந்தது. சூழ நின்ற கனவான்களும் வேட்டைக் காவலர்களும் இதைக் கண்டு களித்தனர் என்று ‘த ஃபீல்ட்’ என்னும் வேட்டைப் பத்திரிகை எழுதிற்று.

கனவான்கள் களித்ததில் வியப்பில்லை. அந்த நாய் அவர்களுடைய காட்டைக் காப்பதற்காகவே ஆக்கப்பட்டது. கொலைகாரனையோ கொள்ளைக்காரனையோ பிடிப்பதற்கு அன்று. இரவில் ஒரு முயலுக்கு வலை விரித்த ஏழையைப் பிடிப்பதற்கு. ‘வேட்டைக் காவலனின் இராநாய்’ என்றே அதற்கு அந்நாளிற் பெயர். இன்று புல்-மாஸ்டிஃப் என்ற பெயரோடு உலகெங்கும் வளர்க்கப்படுகின்றது.

நாயைப் பற்றியும் ஒரு சரித்திரக் கட்டுரையா என வாசகருட் சிலர் வியக்கலாம். மன்னர்களின் பட்டாபிஷேகங்களையும் படையெடுப்புகளையுமே சரித்திரமெனப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆயின் ஒரு மிருகத்தின் தாடையையும் உரோமத்தின் நிறத்தையும், அது குரைப்பதையும் குரையாதிருப்பதையுங் கூட, ஒரு நாட்டின் நிலவுடைமை வகுத்துவிடக்கூடும் என்பதற்கு இந்த நாயைவிடத் தெளிவான சான்று நாமறிந்தவரையில் வேறில்லை. ஆகவே வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அதன் இலக்கணத்தைக் கூறிவிடுவோம். ஆண் நாயின் தோளுயரம் 25 முதல் 27 அங்குலம். நிறை 110 முதல் 130 இறாத்தல். பெண் நாய் 24 முதல் 26 அங்குலம். 90 முதல் 110 இறாத்தல். வளர்ந்த மனிதனொருவனின் நிறைக்கு அது அதிகம் தாழ்ந்ததன்று. தலை பருத்துச் சதுரமாயிருக்கும். முகவாய் குறுகியது, தலையின் முழு நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே அதற்குரியது. மார்பு அகன்று ஆழ்ந்தது. உரோமம் குட்டை. சிவப்பு, மான்நிறம், கருங்கோடுகள் படர்ந்த வரிநிறம் என நிறங்கள் மூன்று. எந்நிறமாயினும் முகவாய் கறுத்திருத்தல் வேண்டும். விழிப்பும் துணிவும் எசமானிடத்து விசுவாசமும் அதன் குணங்களெனப்படும்.

நாய்ப் பிரியர்களின் நூல்கள் இத்தோடு நின்றுவிடுகின்றன. இவ்வளவு நிறை ஏன், இந்த நிறம் ஏன், இந்தக் குணம் யாருக்குத் தேவைப்பட்டது என்று அவை வினவுவதில்லை. நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புல்-மாஸ்டிஃப் இரு குலங்களின் கலப்பு. ஒன்று மாஸ்டிஃப், மற்றது புல்டோக். மாஸ்டிஃப் இங்கிலாந்தின் மிகப் பழைய நாய்களுள் ஒன்று. பிரெஞ்சு வழியாக வந்த அதன் பெயருக்கு மூலம் ‘கைக்குப் பழகியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் என்பர். பதினைந்தாம் நூற்றாண்டில் அஜின்கோர்ட் போர்க்களத்திலே காயமுற்ற தன் பிரபுவை ஒரு மாஸ்டிஃப் காத்து நின்றதென்ற கதையை நாய்நூல்கள் மறவாமற் சொல்லும். கதை இருக்கட்டும். கேம்பிரிட்ஜ் அறிஞரும் வைத்தியருமான ஜோன் காயஸ் 1570இல் பிரித்தானிய நாய்களைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். ஆறாண்டுகளின் பின் அது ஆங்கிலத்தில் வந்தது. அந்நூலில் நாம் காணும் மாஸ்டிஃப் பிரபுவின் நாயன்று. பருத்து, அழகற்று, பாரித்த உடலோடு, பண்ணை வீட்டு வாயிலிற் பகல் முழுதும் சங்கிலியிற் கிடக்கும் காவல் நாய் அது. அந்தச் சாதியிலேயே கசாப்புக் கடைக்காரனுக்கு மாடு மடக்கிக் கொடுத்த நாயும் உண்டு. ஊர் ஊராய்த் திரிந்த கன்னானின் மூட்டையைச் சுமந்த நாயும் உண்டு. கிணற்றுச் சக்கரத்தைச் சுழற்றி நீரிறைத்த நாயும் உண்டு. கரடியோடும் காளையோடும் பொருதவிட்டு வேடிக்கை பார்க்கும் குரூரத்துக்கும் அதனைப் பயன்படுத்தினர். அந்தக் குரூரத்தில் அரசிகளுக்கும் பங்குண்டு. எனினும் நாளாந்த வாழ்விலே மாஸ்டிஃப் உழைப்பவனின் கூட்டாளியாகவே இருந்தது.

உழைப்பவனுக்கு நாயொன்று இருப்பது அரசனுக்குப் பிடிக்கவில்லை. நோர்மன் மன்னர்கள் இங்கிலாந்தின் பெரும்பகுதிகளை ‘அரச வனம்’ எனப் பிரகடனஞ் செய்திருந்தனர். வனம் என்றவுடன் மரங்கள் அடர்ந்த காடென நாம் எண்ணிவிடக் கூடாது. வயலும் மேய்ச்சல் தரையும் குடியிருந்த கிராமங்களும் அதனுள் அடங்கின. அவ்வெல்லைக்குள் மான் அரசனுக்குரியது. பயிரை அது தின்றாலும் உழவன் கைகட்டி நிற்க வேண்டும். காவலுக்கு மாஸ்டிஃப் வைத்திருக்கலாம், ஆனால் அது மானைத் துரத்தலாகாது. அதற்குச் சட்டம் கண்ட வழி மிக எளிது. நாயின் முன்னங்காலை மரக்கட்டையின் மீது வைத்து, உள்ளங்கால் மெத்தைக்குச் சேதமின்றி மூன்று விரல்களையும் உளியால் வெட்டிவிடுதல். 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம் இதனை ஒழுங்குபடுத்திற்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை நடைபெறும்; விரல் வெட்டப்படாத நாய் காணப்பட்டால் உடையவன் மூன்று சிலின் தண்டம் இறுக்க வேண்டும். பொதுமக்களின் மேய்ச்சல் உரிமையையும் விறகுரிமையையும் மீட்டுத் தந்த பட்டயமென்று ஆங்கிலேயர் இன்றும் பெருமையோடு பேசுவது இந்தப் பட்டயத்தைத்தான். பெருமைக்கு அது உரியதே. ஆனாலும் நொண்டி நாய்களும் அதனுள்ளே இருக்கின்றன.

ஏறக்குறைய அறுநூற்றைம்பது ஆண்டுகளின் பின் அதே மாஸ்டிஃபின் சந்ததிக்கு விரல்கள் நான்கு காலிலும் முழுமையாக விடப்பட்டன. பிரபுவின் மானைத் துரத்தலாகாதென நொண்டியாக்கப்பட்ட நாய், பிரபுவுக்காக மனிதனைத் துரத்தும் நாயாயிற்று. இடையில் நடந்தது என்ன?

நடந்தது நிலப்பறிப்பு. கிராமத்துக்குப் பொதுவாயிருந்த தரிசும் மேய்ச்சல் தரையும் திறந்த வயல்களும் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையாயின. 1604க்கும் 1914க்கும் இடையில் இத்தகைய சட்டங்கள் ஏறத்தாழ 5,200 நிறைவேறின. அடைக்கப்பட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்திலொரு பங்கு. இவற்றுட் பெரும்பாலானவை 1750ஐ அடுத்த நூறாண்டுகளிலேயே வந்தன. ஒரு பசு மேய்த்தவன் பசுவை இழந்தான். விறகு பொறுக்கியவள் அடுப்பை இழந்தாள். சட்டத்தை ஆக்கிய பாராளுமன்றத்திலே இருந்தவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

வேலிக்குள் அகப்பட்டது நிலம் மட்டுமன்று; அதில் ஓடிய முயலும் பறந்த கவுதாரியும் அகப்பட்டன. இரண்டாம் சாள்ஸ் மன்னன் காலத்து 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண் வருமானமுள்ள சொந்த நிலமோ 150 பவுண் பெறுமதியான நீண்டகாலக் குத்தகையோ உடையவரும், சில உயர்குலத்து வாரிசுகளுமே வேட்டையாடலாம். பாராளுமன்றத்துக்குக் கோட்டப் பிரதிநிதியைத் தெரிவு செய்யும் வாக்குரிமைக்கு அன்று வேண்டியிருந்த நிலவருமானம் 40 சிலின், அதாவது 2 பவுண். ஒரு கவுதாரியைக் கொல்வதற்கு, வாக்களிப்பதற்கு வேண்டியதைப்போல் ஐம்பது மடங்கு சொத்து வேண்டியிருக்கின்றதே என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனே எள்ளி நகையாடினார். அவர் புரட்சிக்காரரல்லர். தகுதியற்றவனின் வீட்டைச் சோதனையிட்டு நாயையும் வலையையும் துவக்கையும் பறித்துச் செல்லும் அதிகாரம் வேட்டைக் காவலனுக்கு அளிக்கப்பட்டது. இங்கும் ஏழையின் நாய் முதற் குற்றவாளி. வேட்டைநாயும் ஆட்டுநாயும் கலந்த ‘லேச்சர்’ எனும் மெலிந்த நாய் இரவிலே ஒலியின்றி முயலைப் பிடித்துவரும். அந்நாய் ஒருவன் வாசலில் படுத்திருந்தாலே அவன்மீது சந்தேகம் விழும்.

தண்டனைகளைக் கேட்டால் உள்ளம் நடுங்கும். 1723இன் ‘கறுப்புச் சட்டம்’ முகத்திற் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடுவது முதலாக ஐம்பதுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1803இன் சட்டம், பிடிக்க வருபவனை எதிர்த்துச் சுடுபவனுக்கு, சூடு பட்டவன் பிழைத்தாலும், மரணத்தை விதித்தது. 1816இல், இரவிலே வலையோடு பிடிபட்டவனை ஏழாண்டு நாடு கடத்தலாமெனச் சட்டம் வந்தது. 1828இன் இரவு வேட்டைச் சட்டம் அதனைச் சற்றுத் திருத்தி, முதற் குற்றத்துக்கு மூன்று மாதமும் இரண்டாவதற்கு ஆறு மாதமும் கடூழியச் சிறை, மூன்றாவதற்கு நாடு கடத்தல் எனப் படிகள் அமைத்தது. வழக்கை விசாரித்த நீதவான் பெரும்பாலும் அயல் நிலப்பிரபு, முறைப்பாட்டுக்காரனின் விருந்தாளி. 1827க்கும் 1830க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் நாட்டிலே குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டோருள் ஏழு பேருக்கு ஒருவர் வேட்டைச் சட்டத்தின் கீழ் வந்தவரென ஹமண்ட் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘கிராமத் தொழிலாளி’ என்னும் நூலிற் காட்டியுள்ளனர்.

எண்களைப் படித்து ஒரு பெயரையேனும் அறியாமற் போவது முறையன்று. சாள்ஸ் சிமித் என்பவன் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த இளைஞன். 1820இன் பிற்பகுதியில் பாமர்ஸ்டன் பிரபுவின் காட்டிலே வேட்டைக் காவலன் அவனைப் பிடிக்கப் போனபோது துவக்கால் சுட்டுவிட்டான். காவலன் உயிர் பிழைத்துக்கொண்டான். ஆயினும் 1822 மார்ச்சில் வின்செஸ்டரிலே சிமித் தூக்கிலிடப்பட்டான். அதே நாளில் வேறொரு களவு வேட்டை வழக்கில் இன்னொரு இளைஞனும் அங்கே தொங்கினான். வில்லியம் கொபெற் இதனைக் கண்டித்து எழுதியவை நாடெங்கும் படிக்கப்பட்டன. நோர்த் பாடெஸ்லி தேவாலய முற்றத்திலே சிமித்தின் கல்லறை இருக்கிறது. அவன் எதற்காக மாண்டான் என்பதைக் கல்லிலே பொறித்து வைத்தனர். பின்னாளிலே பிரபுவின் தரப்பு நியாயத்தைக் கூறும் மற்றொரு கல்லும் பக்கத்திலே நாட்டப்பட்டது. பாமர்ஸ்டன் பிற்காலத்திற் பிரித்தானியாவின் பிரதம மந்திரியானார்.

தூக்குமரம் காட்டிற்குள் நின்று காவல் செய்யாது. ஆதலின் பிரபுக்கள் காட்டிற்குள்ளேயே பொறிகளை வைத்தனர். ஒன்று மனிதப் பொறி: எலிப்பொறியின் மாதிரியில், மிதித்தவனின் முழங்காலைக் கவ்வி எலும்பை நொறுக்கும் பற்களுடைய இரும்பு வாய். மற்றது பொறித் துவக்கு: புதரிடையே கட்டிய கம்பியிற் கால் பட்டால் தானே வெடிப்பது. அது வேட்டைக்காரனையும் பூப்பறிக்கப் போன பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது. ஒருவன் பிறர் காட்டிற்குட் கொட்டை பொறுக்கப் போய் இத்தகைய துவக்கிற்கு இலக்கானான். துவக்கு வைத்திருக்கும் செய்தியை அறிந்தும் போனவனுக்கு நட்டஈடு இல்லையென 1820இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பு பொதுமக்களின் மனத்தை உறுத்திற்று. நெடிய வாதங்களின் பின் 1827இல், இரவில் வீட்டைக் காப்பதற்கன்றி வேறெவ்விடத்தும் இவற்றை வைத்தல் குற்றமாக்கப்பட்டது.

புல்-மாஸ்டிஃபின் தோற்றத்தை விளக்கும் ஆண்டு இதுவே என்பது நமது கருத்து. நாய்நூல்கள் 1860ஐ அண்டிய காலத்தைக் கூறும். கலப்புத் தொடங்கிய காலம் அதுவாகலாம். ஆனால் தேவை தோன்றியது இரும்பு வாய் தடைசெய்யப்பட்டபோது. பிணத்தை விட்டுச் செல்லாத, கண்டவன் கண் கூசாத, ஆளைப் பிடித்து நீதவான் முன் உயிரோடு நிறுத்த உதவும் ஒரு பொறி இனி வேண்டியிருந்தது.

காவலர்கள் முதலில் கையிலிருந்த நாய்களைச் சோதித்துப் பார்த்தனர். மாஸ்டிஃப் பலசாலி, ஆயினும் மந்தமானது, ஓடுகிறவனை எட்டிப்பிடிக்கும் வேகம் அதற்கில்லை. புல்டோக் வேறு வகை. இன்று நாம் காணும், மூச்சுத் திணறும் சப்பை மூக்குப் பிராணியை இங்கே நினைத்தலாகாது. காளையின் மூக்கைக் கவ்வி, இரத்தம் வழிந்தாலும் விடாது தொங்கிய அந்நாளைய புல்டோக் சுறுசுறுப்பானது, மூர்க்கமானது. 1835இல் காளைப் போரும் கரடிப் போரும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் அந்த மூர்க்கத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆனால் ஆளை வீழ்த்துதற்கு அதன் உருவம் போதாது; பிடித்தவனைக் குதறியும் விடும். இரண்டையும் கலந்தபோது, ஓடக்கூடியதும் வீழ்த்தக்கூடியதும் விடாப்பிடியானதும் சொன்னவுடன் விலகக்கூடியதுமான ஒரு மிருகம் கிடைத்தது.

அதன் குணங்களை இப்போது ஒவ்வொன்றாய் நோக்கினால் அவற்றின் நியாயம் விளங்கும். நிறை எதற்கு? பற்களைப் பயன்படுத்தாமலே மனிதனொருவனை நிலத்தில் வீழ்த்திக் கிடத்துதற்கு. வாய்க்கூடு பூட்டிப் பயிற்றினார்கள் என்பதையும் இங்கே நினைவு கூர்தல் வேண்டும். குறுகிய அகன்ற முகவாய் எதற்கு? கவ்வ நேர்ந்தாற் கிழிக்காமற் பற்றிக்கொள்வதற்கு. வரிநிறத்தைக் காவலர்கள் விரும்பியது ஏன்? நிலவொளி விழும் மரநிழலிலே அது கண்ணுக்குப் புலப்படாது. காவல் நாய் என்றால் குரைக்க வேண்டுமென்றே நாம் எண்ணுகிறோம். நமது வீட்டு நாய் குரைப்பது கள்வனை விரட்டுதற்கு. இந்த நாயின் எசமானனுக்கோ கள்வன் ஓடிவிடக் கூடாது, அகப்பட வேண்டும். ஆகவே குரையாமல், மூச்சுச் சத்தமும் எழாமல், காவலன் பக்கத்திலே இரவு முழுதும் பனியிற் படுத்திருக்கப் பழக்கினார்கள். ஏழையின் லேச்சரும் ஊமையாய் வேட்டையாடிற்று. பிரபுவின் நாயும் ஊமையாய்க் காத்திருந்தது. ஆங்கில நாட்டுப்புறத்து இரவு இரு பக்கத்திலும் பேச்சற்ற நாய்களால் நிறைந்திருந்தது.

பிடித்து வை, குதறாதே என்னும் இந்தக் கட்டுப்பாட்டைக் கருணையென்று எண்ணிவிட வேண்டாம். அதே மாஸ்டிஃப் வகை நாய் கடல் கடந்த நாடுகளிலே எவ்வாறு நடத்தப்பட்டது என்பதைப் பார்த்தால் விளங்கும். யமேய்க்காத் தீவில் அடிமைத்தளையை அறுத்து மலைகளில் வாழ்ந்த மரூன் மக்கள் 1795இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் பொருதனர். துருப்புகளால் அவர்களை அடக்க முடியவில்லை. கியூபாவிலிருந்து ஏறக்குறைய நூறு வேட்டை நாய்களையும் அவற்றை நடத்த நாற்பது ஸ்பானிய ஆட்களையும் தருவித்தார்கள். ஓடிய அடிமைகளைத் துரத்திக் கிழிப்பதற்கென்றே அங்கு வளர்க்கப்பட்ட கொடிய நாய்கள் அவை. அவற்றை அவிழ்த்துவிட வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை. வந்திறங்கிய செய்தியே போதுமாயிருந்தது. சரணடைந்த மரூன்களிற் பலரை, கொடுத்த வாக்கை மீறி, குளிர் மிகுந்த நோவா ஸ்கோஷியாவுக்கு நாடு கடத்தினர். 1803இல் பிரெஞ்சுத் தளபதி ரொஷம்போ ஹெயிற்றி மக்களின் விடுதலைப் போரை நசுக்குதற்கு அதே கியூபா நாய்களைக் கொண்டுவந்து, கண்டவர் சொல்லக் கூசும் கொடுமைகளைச் செய்தான். ஆங்கிலக் கூலியாள் ஏழையாயினும் அவனைச் சுற்றிச் சட்டத்தின் ஒரு மெல்லிய வேலி இருந்தது. அவன் தன் போராட்டத்தால் ஈட்டிக்கொண்ட வேலி அது. அடிமைக்கு அதுவும் இல்லை. இரு நாய்களின் பற்களுக்கிடையில் உள்ள வேறுபாடு அவ்வளவே.

நமது நாட்டையும் இந்தச் சரித்திரம் தொடாமல் விடவில்லை. புல்-மாஸ்டிஃப் உருவாவதற்குச் சிறிது முன்னர், 1848 முதல் 1855 வரை, நுவரெலியாவிற் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் சீமையிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்துப் பெரும் பட்டியொன்றை வைத்திருந்தார். மணிலா வேட்டைநாயின் இரத்தங் கலந்த பெருநாயும் அதிலிருந்தது. மலையுச்சிகளிலே மரைகளைத் துரத்திக் கத்தியாற் குத்திக் கொன்றதை அவர் ஒரு நூலாகவே எழுதி வைத்தார். அவர் வேட்டையாடிய அந்த மலைகள் யாருடையவை? 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிவிட்டது. இங்கிலாந்தில் முந்நூறு ஆண்டுகளில் ஐயாயிரம் சட்டங்களால் நடந்த வேலியடைப்பிற்கு இங்கே ஒரு சட்டம் போதுமாயிருந்தது.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். 1831இல் சொத்துத் தகுதி நீக்கப்பட்டது. அனுமதிப் பத்திரம் வாங்கியவர் எவரும், நிலக்காரன் இசைந்தால், வேட்டையாடலாமென்றாயிற்று. பத்திரம் வாங்கக் கூலியாளிடம் பணமில்லை, நிலக்காரனும் இசைவதில்லை. 1862இல் வீதியிற் போகிறவனை மறித்து அவன் பையைச் சோதிக்கப் பொலிசாருக்கு அதிகாரம் கிடைத்தது. இதே காலத்திலேதான் பின்புறமாய்க் குண்டு போடும் புதுவகைத் துவக்கு பரவிற்று. வேட்டையின் தன்மையே மாறியது. ஃபெசன்ட் எனும் வண்ணக்கோழியை ஆயிரக்கணக்கிற் குஞ்சு பொரிக்கவைத்து, காவலர்களைக் கொண்டு தீனியிட்டு வளர்த்து, குறித்த நாளில் ஆள்விட்டுக் கலைத்து, கனவான்கள் வரிசையாய் நின்று சுட்டு வீழ்த்தும் ஒரு சடங்காக அது முடிந்தது. 1913 டிசம்பர் 18ஆம் நாள் ஹோல் பார்ண் பண்ணையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அவரது தோழரும் ஒரே பகலிற் சுட்ட ஃபெசன்ட்டுகள் 3,937. ஆயிரத்துக்கு மேல் மன்னரின் கைவேலை. அன்று மாலை தாமே சற்று மிஞ்சிப் போய்விட்டதாக மன்னர் தம் மகனிடம் சொன்னாராம்.

இந்தக் கோழிகளைக் காப்பதற்குத்தான் இரவுதோறும் நாய் படுத்திருந்தது. அதன் பக்கத்திலே படுத்திருந்த மனிதனையும் நாம் மறக்கலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலே வேட்டைக் காவலர் இருபதினாயிரத்துக்கு மேல் இருந்தனர். அவர்களும் கூலிக்காரரே; வீடும் விறகும் பிரபுவின் தயவு. அவர்களிற் பலர் களவு வேட்டைக்காரரின் துவக்கிற்கும் தடிக்கும் இரையாயினர். அயலான் அவர்களோடு தவறணையில் ஒரு மேசையில் அமர மாட்டான். இருட்டிலே மோதிக்கொண்டவர்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்திற் படித்தவர்களாகவும் இருக்கலாம். தமது உயிரைக் காக்க ஒரு நாயை விரும்பிய அந்த மனிதரை வெறுக்க நம்மால் முடியவில்லை. தோணிவுட் காட்சியிற் கூடியிருந்து சிரித்தவர்களுள் அவர்களும் இருந்தனர் என்பதே வருத்தம்.

முதலாம் உலக யுத்தம் பெரும் பண்ணைகளை உலுக்கிற்று. காவலர் பலர் போர்முனைக்குப் போயினர், திரும்பியவர்களுக்கெல்லாம் வேலையில்லை. இராநாயின் தொழிலும் அருகிற்று. தொழில் அருகிய பின்னர்தான் அது கௌரவமடைந்தது. ஃபார்குரொஃப்ட் நாய்ப்பண்ணையின் மோஸ்லி என்பவர் கலப்பிற்கு ஒரு கணக்கு வகுத்தார். மாஸ்டிஃபையும் புல்டோக்கையும் சேர்த்துச் சரிபாதிக் குட்டி பெறுவது. அதன் பெண்ணை மீண்டும் மாஸ்டிஃபோடு சேர்த்து முக்காற் பங்கு மாஸ்டிஃப் ஆக்குவது. அதனைச் சரிபாதி நாயோடு சேர்ப்பது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாய்ச் சென்று நூற்றுக்கு அறுபது மாஸ்டிஃப், நாற்பது புல்டோக் என்ற அளவில் நிறுத்துவது. 1924இல் ஆங்கில நாய்ச் சங்கம் அதனைத் தனியினமாக அங்கீகரித்தது. மூன்று தலைமுறைக்குப் புறக்கலப்பு இல்லாதவற்றையே தூய இனமாக ஏற்றுக்கொண்டது. 1933இல் அமெரிக்கச் சங்கமும் ஏற்றது. கலப்பினாலேயே பிறந்த நாய்க்குக் கலப்பு இழுக்காயிற்று.

இருளில் மறையும் வரிநிறத்தின் செல்வாக்கும் குறைந்தது. காட்சி மேடையில் மறைந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன? மாஸ்டிஃப் வழிவந்த மான்நிறமும் கருமுகமுமே நடுவர்களின் கண்ணுக்கு இனித்தன. இன்று அது குழந்தைகளோடு பழகும் சாதுவான வீட்டு நாயெனப் போற்றப்படுகிறது, அது உண்மையுங்கூட. பேருருவத்துக்காகவும் சப்பை முகத்துக்காகவும் தெரிந்தெடுத்த குற்றத்தின் விலையை அதுவே செலுத்துகிறது. இடுப்பு மூட்டுக் கோளாறும் வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் நோயும் புற்றுநோயும் அதற்கு மிகுதி. ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது அரிது.

1828இன் இரவு வேட்டைச் சட்டம் மட்டும் நாயைவிட நீண்ட ஆயுளுடையது. நாடு கடத்தும் பகுதி போய்விட்டது; எஞ்சியது இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இன்றும் உண்டு. 2022இல் பாராளுமன்றம் அதனைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது. இன்று நாய்களை விட்டு முயல் துரத்துவோரிற் பலர் பசிக்காகச் செய்வதில்லை, பந்தயப் பணத்திற்காகச் செய்கின்றனர் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களால் நட்டப்படும் கமக்காரர்களின் முறைப்பாட்டிலும் நியாயமுண்டு. புதிய திருத்தத்தில் ஒரு விதியிருக்கிறது: குற்றவாளியின் நாயைப் பொலிசார் பறித்து வைத்திருந்த காலத்துத் தீனிச் செலவையும் தங்குசெலவையும் அவனிடமே அறவிடலாம், இனி அவன் நாயே வளர்க்கக் கூடாதென்றும் நீதிமன்றம் கட்டளையிடலாம். 1217இல் அந்தச் செலவு மூன்று சிலினும், நாய்க்கு மூன்று விரலும்.